ஐரிஷ் நடனப் போட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



வெளிநாடு செல்கின்றவர்கள் அந்நாட்டின் கோட்டைகளையும் அருங்காட்சியகங்களையும் கடைவீதிகளையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆனால் அவ்வூர் மக்கள் தம் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள், பிள்ளைகளுக்காக எதையெல்லாம் செலவிடுகிறார்கள், பிள்ளை தோற்றுவிட்டு வந்தால் தாய் என்ன சொல்கிறாள் என்பவற்றைக் கோட்டைச் சுவர்கள் நமக்குச் சொல்வதில்லை. அவற்றை அறிய வேண்டுமானால் குடும்பங்கள் கூடுகின்ற இடத்திற்கே போக வேண்டும். அயர்லாந்தில் அத்தகைய இடமொன்று உண்டு. ஏதேனும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலோ, விளையாட்டரங்கிலோ, விடுதிக் கூடத்திலோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் சிறுவர் நடனப் போட்டியே அது. ஐரிஷ் மொழியில் அதனை ‘ஃபெஷ்’ என்பர். விழா என்பது அச்சொல்லின் பொருள்.

"நடனப் போட்டிக்கா குடும்பத்தோடு போவது?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். உங்களை நான் அங்கே அழைப்பது மேடையை மட்டும் காட்டுவதற்கன்று. மேடையில் ஒரு பிள்ளை ஆடுவது ஒரு நிமிடம். மிஞ்சினால் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்திற்காக ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் எவ்வளவு பாடுபடுகிறது, முடிவு தெரிந்த பின் அக்குடும்பம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பவையே நாம் காண வேண்டியவை. பிள்ளைகளைத் திறனாய்வுத் தேர்வுக்கும் பேச்சுப் போட்டிக்கும் விளையாட்டுக்கும் அனுப்புகின்ற எந்த வீட்டாருக்கும் அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.

முதல் நாள் பார்க்க வேண்டியவை

தலைநகர் டப்ளினில் தங்கியிருப்பீர்களானால், சனிக்கிழமையன்றே இரண்டு பழம்பொருள்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, ட்ரினிட்டி கல்லூரியில் உள்ள ‘கெல்ஸ் சுவடி’. கி.பி. 800ஆம் ஆண்டளவில் கன்றுத்தோலில் கையால் எழுதப்பட்ட கிறிஸ்தவ வேதச் சுவடி இது. ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் கோட்டோவியங்கள் அதன் சிறப்பு. மற்றொன்று, கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் ‘தாரா ஊசி’. போர்வையைத் தோளில் பிணைப்பதற்காக வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசப்பட்ட அந்த அணிகலன் 1850ஆம் ஆண்டில் மீத் மாவட்டக் கடற்கரையோரம் கண்டெடுக்கப்பட்டது. இந்த அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளோடு நிதானமாகப் பார்க்கலாம்.

இவற்றை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மறுநாள் போட்டி மண்டபத்தில் நுழைந்தவுடன் அதே பின்னல் கோலங்கள் சிறுமியரின் உடைகளில் பளிச்சிடுவதைக் காண்பீர்கள். தாரா ஊசியைப் போலச் செய்த ஊசிகளைத் தோளில் குத்திக்கொள்ளும் பழக்கமும் நெடுநாள் இருந்து வந்தது. அருங்காட்சியகத்தில் உறங்கிக் கிடக்கும் ஒன்றைப் பிள்ளைகளின் உடலில் ஏற்றி நடமாட விட்டிருக்கிறது இந்தச் சமுதாயம். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

இழந்ததைத் தேடிய மக்கள்

18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் சிற்றூர்களில் நடன ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சுற்றி வந்தார்கள். 1776ஆம் ஆண்டு முதல் அங்கே பயணம் செய்த ஆர்தர் யங் என்னும் ஆங்கிலேயர், குழலூதுபவரையோ கண் தெரியாத பிடில் கலைஞரையோ உடன் அழைத்துக்கொண்டு இவர்கள் குடிசைதோறும் சென்று கற்பித்ததைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆசிரியரைத் தம் வீட்டில் தங்கவைத்து உணவளிப்பதைக் குடும்பங்கள் பெருமையாகக் கருதின. இடம் வலம் அறியாத பிள்ளையின் ஒரு காலில் வைக்கோலையும் மற்றொரு காலில் உலர்ந்த புல்லையும் கட்டிவிட்டு, "வைக்கோல் கால், புல் கால்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள் என்று வழிவழியாகக் கூறுவர். மண்தரையில் தாளம் கேட்காது என்பதால் கதவைக் கழற்றித் தரையில் போட்டு, அதன்மேல் ஆடினார்களாம்.

1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளின் முதன்மை உணவு அதுவே. தொடர்ந்து சில ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதி மக்களே பெரிதும் அழிந்தார்கள். எஞ்சியவர்கள் பிழைப்பிற்காக ஆங்கிலத்திற்கு மாறினார்கள். தாயின் மொழி பிள்ளைக்குப் புரியாத நிலை பல வீடுகளில் உண்டாயிற்று.

இந்நிலையில், 1893ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹைட் முதலானோர் டப்ளினில் ‘கேலிக் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஐரிஷ் மொழியை மீண்டும் மக்களின் நாவில் ஏற்றுவது அதன் நோக்கம். இந்த ஹைட்தான் பின்னாளில், 1938ஆம் ஆண்டில், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். மொழிக்காக வகுப்பு நடத்தினால் மட்டும் போதாது, மக்கள் குடும்பமாகக் கூடுவதற்கு ஒரு விழாவும் வேண்டும் என்று உணர்ந்த சங்கத்தார், கார்க் மாவட்டத்திலுள்ள மக்ரூம் என்ற சிற்றூரில் 1898ஆம் ஆண்டில் முதல் ஃபெஷ் விழாவை நடத்தினார்கள். பாட்டு, கதை, இசை, நடனம் எல்லாம் அதில் அடங்கின.

நடனப் போட்டிகளை ஒழுங்குபடுத்த 1930ஆம் ஆண்டளவில் ஐரிஷ் நடன ஆணையம் உருவாயிற்று. 1970ஆம் ஆண்டில் டப்ளினில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் டப்ளினில் நடைபெற்ற யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ‘ரிவர்டான்ஸ்’ என்ற ஏழு நிமிட நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும், இந்த நடனம் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அதில் முன்னின்று ஆடிய ஜீன் பட்லர், மைக்கேல் ஃபிளாட்லி ஆகிய இருவருமே அமெரிக்காவில் பிறந்த ஐரிஷ் வம்சாவளியினர் என்பது குறிப்பிடத்தக்கது. நாட்டைவிட்டுப் போனவர்களின் வழிவந்தவர்கள் முன்னோரின் நாட்டுக்குத் திரும்பி வந்து ஆடினார்கள் எனலாம்.

மண்டபத்தின் உள்ளே

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலையிலேயே போய்விடுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் காதுகள் திகைக்கும். ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று மேடைகள் இருக்கும்; ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கலைஞர் அமர்ந்து அக்கார்டியனோ கீபோர்டோ வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு மேடையின் தாளம் மற்றொரு மேடையின் தாளத்தோடு மோதும். அந்த இரைச்சலில் தனக்குரிய தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்பதே ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் சோதனை.

சுவரோரம் முழுவதும் குடும்பங்கள்தாம். பெருநாள் காலையில் நான்கு பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகின்ற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஐம்பது வீடுகளை ஒரே கூரையின் கீழ் வைத்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். பெட்டியைத் தூக்கி வந்த தந்தை அதன்மேலேயே அமர்ந்திருப்பார். தாயின் பையில் ஊக்கு, கொண்டை ஊசி, உதிரி நாடா, தண்ணீர்ப் புட்டி எல்லாம் இருக்கும். காலுறை நழுவாமலிருக்க அதைக் காலோடு ஒட்டுவதற்கென்றே ஒரு பசை விற்கிறது. அதைத் தங்கையின் காலில் தடவிக்கொண்டிருப்பாள் அக்காள். காலணியின் வார் ஆடாமலிருக்க, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை அதன்மேல் சுற்றிவிடுவார்கள். பாட்டி ஒரு நாற்காலியில் அமர்ந்து பேர்த்தியின் முறை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். ஆட்டத்தில் நாட்டமில்லாத தம்பி ஒரு மூலையில் பந்து உருட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு செய்தியை மறவாதீர்கள். உணவை வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ கட்டி எடுத்துச் செல்லுங்கள். அங்கே தேநீரும் கேக்கும் கிடைக்கும். ஆனால் சாண்ட்விச் என்றால் பன்றி இறைச்சி வைத்தது அங்கே மிகச் சாதாரணம். பிள்ளைகள் கையில் எதையும் வாங்கிக் கொடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. மேலும், மேடையில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் படம் எடுப்பதும் காணொளி எடுப்பதும் இப்போட்டிகளில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

கால்களைக் கவனியுங்கள்

ஐரிஷ் நடனத்தில் இடுப்புக்கு மேலே அசைவே இல்லை எனலாம். முதுகு நிமிர்ந்திருக்கும், இரு கைகளும் உடலோடு ஒட்டி நேராகத் தொங்கும், முகம் நேரே நோக்கும். கால்கள் மட்டும் மின்னல் போல் இயங்கும்.

இருவகைக் காலணிகள் உண்டு. மெல்லிய தோலில் செய்த மென்காலணியைச் சிறுமியர் அணிந்து ஆடும்போது ஓசையே எழாது. பறவை தத்துவது போலிருக்கும். சிறுவரின் காலணிக்குக் குதி உண்டு. அதைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். வன்காலணியில் முன்புறமும் குதியிலும் கண்ணாடியிழையாலான கடினமான துண்டுகள் இருக்கும். அதைக் கொண்டு பலகையில் தாளத்தையே வாசிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆட்டம் சரியா, பிசகா என்று சொல்லிவிடலாம். ‘ரீல்’ என்பது நான்கு தட்டில் ஓடும். ‘ஸ்லிப் ஜிக்’ என்பது ஒன்பது தட்டில் மிதக்கும்.

தொடக்க நிலையில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் மேடையேறுவர். இசை ஒன்று; ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் பள்ளியில் கற்ற அடவையே ஆடும். சிறிய மேடையில் ஒருவரோடொருவர் மோதிக்கொள்வதும் உண்டு. மோதினாலும் அழாமல் தாளத்தைப் பிடித்துத் தொடர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நடுவருக்குத் தலை வணங்க வேண்டும்; இசை வாசித்தவருக்கும் வணங்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் இந்த மரியாதை கட்டாயம். ஐந்து வயதுக் குழந்தை முன்னே ஓர் அடி வைத்து அந்த வணக்கத்தைச் செலுத்திவிட்டுத் தாயைத் தேடி ஓடுவதைப் பார்க்கும்போது, நன்னடத்தையைச் சிறுவயதிலேயே பழக்கமாக்கிவிடும் அந்த முறையைப் பாராட்டத் தோன்றும்.

நடுவர் பார்ப்பவை நான்கு: தாளம் தப்பாமை, அடவுகளின் தரம், அவற்றைச் செய்து முடிக்கும் நேர்த்தி, உடலின் நிமிர்வு. பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ நடுவருக்கு அறிவிக்கப்படுவதில்லை. இடுப்பில் அணிந்த எண் அட்டை மட்டுமே அடையாளம். வெற்றி பெற்றால்தான் அந்த நடனத்தில் அடுத்த தரத்திற்கு ஏற முடியும். ஆகவே ஒரே பிள்ளை ஒரு நடனத்தில் மேல் தரத்திலும் மற்றொன்றில் கீழ்த் தரத்திலும் இருப்பது இயல்பு.

உடையின் சுமை

போற்றத்தக்கவை இவ்வளவு இருந்தும், மனத்தை உறுத்துகின்ற ஒன்றும் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கென வைத்திருந்த நல்லுடையிலேயே பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு எளிய பூத்தையல் உடை வந்தது. இன்றோ மேல்நிலைப் போட்டியில் ஆடும் சிறுமிக்குக் கற்கள் பதித்துப் புதிதாகத் தைக்கும் ஓர் உடையின் விலை ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடுகிறது. வளரும் பிள்ளைக்கு அது எத்தனை மாதம் பொருந்தும்? முன்பெல்லாம் சனிக்கிழமை இரவு பிள்ளையின் கூந்தலைத் துணியில் சுருட்டிக் கட்டிவிட்டுத் தூங்க வைப்பார்கள். காலையில் அவிழ்த்தால் சுருள் சுருளாக விழும். இப்போது சுருள்முடி விக்கே தலையில் ஏறிவிட்டது. அதன்மேல் கிரீடம் வேறு. முகத்தில் ஒப்பனை வேறு.

இது மிகை என்பதை அவர்களும் உணராமலில்லை. தொடக்க நிலையில் உள்ள சிறு பிள்ளைகளுக்குக் கற்கள் பதித்த உடையும் ஒப்பனையும் கூடாதென்று கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. பழைய உடையை மற்றொரு குடும்பத்திற்குக் கைமாற்றி விடுவதும் பரவலாக நடக்கிறது. ஆயினும் பக்கத்து வீட்டுப் பிள்ளை அணிந்திருப்பதை நம் பிள்ளையும் அணிய வேண்டும் என்ற ஏக்கம் எந்த நாட்டிலும் தாய்மாரை விடுவதில்லை. திருமண வீடுகளில் நாமும் இதைக் காண்கிறோம் அல்லவா? நடுவரின் நான்கு கணக்கில் உடைக்கு இடமில்லை. அதற்கே குடும்பத்தின் பெரும்பொருள் செலவாகிறது என்பதுதான் வேதனை.

மதிப்பெண்ணும் நியாயமும்

மேல்நிலைப் போட்டிகளில் மதிப்பெண் கணக்கிடும் முறை சுவையானது. ஒவ்வொரு நடுவரும் பிள்ளைகளை வரிசைப்படுத்துவார். முதலிடத்திற்கு 100 புள்ளி, இரண்டாமிடத்திற்கு 75, மூன்றாமிடத்திற்கு 65, நான்காமிடத்திற்கு 60, ஐந்தாமிடத்திற்கு 56 என்று இறங்கிக்கொண்டே போகும். நடுவர்கள் மூவர் என்று கொள்வோம். ஒரு பிள்ளைக்கு ஒருவர் முதலிடமும் மற்ற இருவரும் நான்காமிடமும் கொடுத்தால் மொத்தம் 220. மற்றொரு பிள்ளைக்கு மூவருமே இரண்டாமிடம் கொடுத்தால் மொத்தம் 225. எவரிடமும் முதலிடம் பெறாத பிள்ளை, முதலிடம் பெற்ற பிள்ளையை முந்திவிடுகிறது! உங்கள் பிள்ளைகளைக் காகிதமும் பென்சிலும் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொழுது இனிதாகப் போகும்.

ஆனால் கணக்கு எவ்வளவு நுட்பமானதாயினும், அதைப் போடும் மனிதரின் நேர்மையே அடிப்படை. 2022ஆம் ஆண்டில், போட்டி முடிவுகளைச் சில ஆசிரியர்களும் நடுவர்களும் தமக்குள் பேசி முன்கூட்டியே தீர்மானித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அயர்லாந்து முழுவதையும் அதிரவைத்தது. நடன ஆணையம் ஓய்வு பெற்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் முதற்கட்ட விசாரணையை ஒப்படைத்தது. செய்தி வெளியானபோது பெற்றோர்களின் உள்ளத்தில் எழுந்த கேள்வியை நாம் உணரலாம். விடியற்காலையில் எழுந்து, பணத்தைக் கொட்டி, பிள்ளையின் கால் வீக்கத்திற்கு ஒத்தடம் கொடுத்து வளர்த்த ஓர் ஆசையைப் பெரியவர்கள் இரண்டு பேர் தொலைபேசியில் பேசி முடித்துவிட முடியுமென்றால், பிள்ளையிடம் நேர்மையைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவது? குழந்தைகள் கலந்துகொள்ளும் எந்தப் போட்டியை நடத்துகின்றவர்களும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

முடிவு தெரியும் வேளை

பிற்பகலில் முடிவுகளைச் சுவரில் ஒட்டுவார்கள். சில இடங்களில் கைப்பேசியிலும் பார்க்கலாம். பெயர் இராது, எண்கள் மட்டும். இந்த நேரத்தில் நீங்கள் மேடையைப் பார்க்க வேண்டாம். சுவரருகே நிற்கும் பெற்றோரைப் பாருங்கள். இருபது பிள்ளைகள் ஆடிய பிரிவில் பதக்கம் பெறுபவர் சிலரே. மற்ற அத்தனை வீட்டாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியவர்கள். ஒரு தந்தை பட்டியலை விரலால் தடவி இரண்டு முறை தேடுவார். ஒரு தாய் நடுவரைக் குறைகூறிக்கொண்டே விக்கைக் கழற்றிப் பெட்டியில் வீசுவாள். அந்தப் பிள்ளை தலை குனிந்து நிற்கும். வேறொரு தாய், "பசிக்கிறதா?" என்று கேட்டுக் கேக்கை நீட்டுவாள், "அந்த இரண்டாவது அடவு போன தடவையைவிட நன்றாயிருந்தது" என்பாள். சற்று நேரத்தில் அந்தப் பிள்ளை, பதக்கம் வாங்கிய சிறுமியோடு சேர்ந்து வாசலில் அதே அடவை ஆடிக்கொண்டிருக்கும்.

இரு பிள்ளைகளும் ஒரே இடத்தைப் பெற்றவர்கள்தாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியோடு காலணியை மாட்டப்போவது எந்தப் பிள்ளை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டிலும் மதிப்பெண் அட்டை வரும் நாள் உண்டு. முடிவைக் கேட்டவுடன் நம் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைப் பிள்ளை நெடுநாள் மறப்பதில்லை.

அயர்லாந்தில் ஃபெஷ் போட்டிகள் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓரூரில் நடந்துகொண்டேயிருக்கும். உலகப் போட்டி பெரும்பாலும் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஆண்டுக்கொரு நகரில் நடைபெறும். உறவினரைக் காணவோ கல்விக்காகவோ அந்நாட்டுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், உலகப் போட்டியைத் தேடி அலைய வேண்டாம். சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் சிறிய போட்டியே போதும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மாலையில் திரும்பும்போது, "யார் வென்றது?" என்று கேட்காமல், "யாருடைய கால்கள் உனக்குப் பிடித்தன?" என்று கேட்டுப் பாருங்கள்.